பிறருக்காகச் செய்யும் பிரார்த்தனை நோயைக் குணமாக்குமா? கேள்வி பதில்

மருத்துவ ஆய்வுகளின் புள்ளிவிவரங்களைச் சரிபார்ப்பது என் தொழில். ஒரு வாரமாக வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கடவுள் உண்டா இல்லையா என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அதற்கு நான் ஆள் இல்லை.

கேள்வி: சார், சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ஒருவருக்காக இன்னொருவர் வேண்டிக்கொண்டால் நோய் குணமாகுமா?

அளந்து பார்த்தவரை, இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2009-ல் இதுபற்றிய 10 ஆய்வுகளை, மொத்தம் 7,646 நோயாளிகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஒன்றிரண்டு ஆய்வுகள் பலன் இருப்பதுபோல் காட்டின, பெரும்பாலானவை காட்டவில்லை. இதற்குச் செலவழிக்கும் பணத்தை வேறு மருத்துவக் கேள்விகளுக்குச் செலவழிக்கலாம் என்றே முடித்துவிட்டார்கள். ஆனால் இங்கே அளந்தது ஒரு குறிப்பிட்ட விஷயத்தை மட்டும்: முகம் தெரியாத ஒருவர் தூரத்திலிருந்து செய்யும் பிரார்த்தனை.

கேள்வி: அமெரிக்காவில் இதய நோயாளிகளிடம் பிரார்த்தனை பலித்தது நிரூபணமாகிவிட்டது என்று எங்கள் ஜெபக் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறதே, ஐயா?

ராண்டால்ஃப் பேர்ட் 1988-ல் வெளியிட்ட ஆய்வைத்தான் சொல்கிறார்கள். சான்பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையின் இதயப் பிரிவில் 393 பேர். பிரார்த்தனை செய்யப்பட்டவர்களில் நிமோனியா, இதயச் செயலிழப்பு போன்றவை குறைவாக இருந்தன என்பது உண்மை. ஆனால் அவர் பார்த்தது இருபத்தைந்துக்கும் மேற்பட்ட விஷயங்களை. அத்தனையையும் ஒப்பிட்டால் ஒன்றிரண்டு சும்மாவே பொருந்தி வரும். அப்புறம், இறந்தவர்களின் எண்ணிக்கையிலும் மருத்துவமனையில் தங்கிய நாட்களிலும் வித்தியாசமே இல்லை. சுற்றும் செய்தியில் அது இருக்காது.

1999-ல் கான்சஸ் சிட்டியில் 990 பேரை வைத்து இதேபோல் ஒன்று செய்தார்கள். அவர்களே வகுத்த மதிப்பெண் முறையில் பிரார்த்தனைக் குழுவின் நிலை சுமார் 10 சதவீதம் நன்றாக இருந்தது. அதையே பேர்டின் மதிப்பெண் முறையில் போட்டுப் பார்த்தால் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. அளவுகோலை மாற்றினால் காணாமல் போகிற பலனை நான் பலன் என்று எழுத மாட்டேன்.

கேள்வி: பிரார்த்தனை செய்யப்பட்டவர்களுக்கு நிலைமை மோசமானது என்றும் ஓர் ஆய்வு இருக்கிறதாமே? உண்மையா?

பாதி உண்மை. ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் ஆறு மருத்துவமனைகளில் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரிடம் நடந்தது, 2006-ல் வெளியானது. டெம்பிள்டன் அறக்கட்டளை சுமார் 24 லட்சம் டாலர் கொடுத்தது. நம்பிக்கை உள்ளவர்கள் கொடுத்த பணம் என்பதைக் கவனியுங்கள். பிரார்த்தனை செய்தவர்களுக்குத் தெரிந்தது நோயாளியின் முதல் பெயரும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தும்தான். அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு தொடங்கி 14 நாட்கள். சிகிச்சை வெற்றி பெறவும், சிக்கலில்லாமல் சீக்கிரம் குணமாகவும் வேண்டுகிற ஒரே வாசகத்தை எல்லோரும் தங்கள் ஜெபத்தில் சேர்க்க வேண்டும்.

நோயாளிகள் மூன்று பிரிவு. 'உங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கலாம், நடக்காமலும் போகலாம்' என்று சொல்லப்பட்டவர்கள் இரண்டு பிரிவு. அதில் பிரார்த்தனை நடந்தவர்களில் 52 சதவீதம் பேருக்கும், நடக்காதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் ஏதோ ஒரு சிக்கல் வந்தது. அதாவது ஒன்றுமில்லை. 'நிச்சயமாக நடக்கிறது' என்று சொல்லப்பட்ட மூன்றாம் பிரிவில் 59 சதவீதம். 'பிரார்த்தனை கெடுதல்' என்று சிலர் குதிப்பது இதை வைத்துத்தான். தற்செயலாக இருக்கலாம். 'ஆள் வைத்து ஜெபிக்கும் அளவுக்கா என் நிலைமை போய்விட்டது?' என்ற பதற்றமாகவும் இருக்கலாம். நான் இரண்டாவதை ஒதுக்கிவிட மாட்டேன், ஆனால் நிரூபணம் கிடையாது.

இன்னொன்று. மூன்று பிரிவிலும் ஏறக்குறைய எல்லோருமே, வீட்டாரும் நண்பர்களும் தங்களுக்காக வேண்டிக்கொள்வார்கள் என்றே நம்பினார்கள். அதை யாரால் நிறுத்த முடியும்? அறிமுகமில்லாதவர்களின் கூடுதல் ஜெபம் என்ன செய்தது என்பதைத்தான் இந்த ஆய்வு சொல்கிறது.

கேள்வி: தேவனைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்று வேதத்தில் இருக்கிறதே. இப்படிச் சோதிப்பதே தவறில்லையா, பிரதர்?

உங்கள் பார்வையில் நியாயமான வாதம். ஆனால் அப்படியென்றால் பலித்ததாக வரும் ஆய்வுகளையும் சாட்சியாகப் பகிரக் கூடாது.

கேள்வி: பிரார்த்தனையால் பயனில்லை என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்களே. இன்னும் எதற்கு இந்தப் பேச்சு?

ஆங்கிலேய அறிவியலாளர் ஃபிரான்சிஸ் கால்டன் 1872-ல் போட்ட கணக்கைச் சொல்கிறீர்கள். நாடே தினமும் ஆயுள் வேண்டிய அரச குடும்பத்தினர் சராசரியாக 64 வயதுதான் வாழ்ந்தார்கள், மற்ற வசதி படைத்தவர்களைவிடக் குறைவு என்றார். சுவையான வாதம், பலவீனமான சான்று. வழக்கப்படி ஒப்பிக்கிற வேண்டுதலும் மனமுருகிக் கேட்பதும் ஒன்றா என்று யாரும் கேட்கலாம். அரசர்களின் வாழ்க்கை முறையும் வேறு. பிரார்த்தனைக்கு எதிராக என்பதற்காக அரைகுறைக் கணக்கை ஏற்க முடியாது.

கேள்வி: நடந்து முடிந்த நோய்க்குக்கூடப் பின்னால் செய்த பிரார்த்தனை உதவியதாகப் படித்தேன்!

2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் கிறிஸ்துமஸ் இதழில் வந்தது. 1990 முதல் 1996 வரை இரத்தத்தில் கிருமித்தொற்றோடு இருந்த 3,393 பேருக்கு 2000-ல் பிரார்த்தனை, அதனால் காய்ச்சல் நாட்கள் குறைந்ததாம்! எண்களை வைத்து எதையும் காட்டலாம் என்று சொல்வதற்காக எழுதிய குறும்பு அது. நிஜமென்று எடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய், ஆரம்பக் கட்டம். 'விசுவாசம் இருந்தால் கீமோ எதற்கு' என்று ஒருவர் சொன்னதிலிருந்து தயங்குகிறாள். என்ன சொல்வது, அண்ணா?

அக்காவை அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். நாள் கடத்தாதீர்கள், ஆரம்பக் கட்டம் என்பது அப்படியே நிற்காது. ஜெபமும் நடக்கட்டும், கீமோவும் நடக்கட்டும், ஒன்றுக்கு ஒன்று குறுக்கே நிற்பதில்லை. மத நம்பிக்கை காரணமாகச் சிகிச்சை தரப்படாமல் அமெரிக்காவில் 1975 முதல் 1995 வரை இறந்த 172 குழந்தைகளைப் பற்றி 1998-ல் ஓர் ஆய்வு வந்தது. அதில் 140 பேருக்கு இருந்தது, சிகிச்சை கொடுத்தால் 90 சதவீதத்துக்கு மேல் பிழைக்கும் நோய்கள். இந்த எண்ணைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

கேள்வி: அப்பா ஐசியூவில் இருக்கிறார். வெளியே உட்கார்ந்து பிரார்த்திப்பதைத் தவிர எதுவும் தெரியவில்லை. இது வீணா, சார்?

வீணில்லை. உங்களைத் தாங்கிப் பிடிக்கிறது என்றால் அதுவே பெரிய விஷயம், உடைந்துபோனவரால் நோயாளியைப் பார்த்துக்கொள்ள முடியாது. அப்பாவிடம் சொல்ல விரும்பினால் இலேசாகச் சொல்லுங்கள். 'ஊரே உங்களுக்காக வேண்டுகிறது, நீங்க எழுந்தே ஆகணும்' என்றால் அது பாரம்.

கூடவே ஒன்று செய்யுங்கள். ஐசியூவில் இருக்கும் வயதானவர்களுக்குத் திடீரென்று மனக்குழப்பம் வரும், இரவா பகலா என்று தெரியாது. உள்ளே விடும்போது கண்ணாடியை மாட்டிவிடுங்கள், காது கருவி இருந்தால் வைத்துவிடுங்கள். இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறீர்கள், வந்திருப்பது யார் என்று நிதானமாகச் சொல்லுங்கள். எது எது கூடாது என்று நர்ஸிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகன் குணமாகவில்லை. என் விசுவாசம் போதவில்லை என்று சொல்கிறார்கள். அப்படியா?

இல்லை, அம்மா. நான் மேலே சொன்ன எந்த ஆய்விலும் பெற்றவர்களின் நம்பிக்கை குறைந்ததால் பிள்ளைக்கு நோய் கூடியதாக ஒரு வரி கிடையாது. அப்படிச் சொல்பவர்களை மகன் படுத்திருக்கும் அறைப் பக்கம் விடாதீர்கள், எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும் சரி.