‘புஷ்’ படத்தில் நிக் ஏன் தன் நினைவையே அழித்துக்கொள்கிறான்?

எதிர்காலம் பார்க்கும் எதிரணிப் பெண்ணிடமிருந்து திட்டத்தை மறைக்கத்தான். இந்தப் படத்தில் (2009, ஹாங்காங்கில் நடக்கும் கதை) எதிர்காலம் பார்ப்பவர்களுக்கு ஒருவர் முடிவெடுத்த பிறகுதான் காட்சி தெரியும், அதனால் நிக் எல்லாவற்றையும் எழுதிச் சிவப்பு உறைகளில் போட்டு ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுத் தன் நினைவை அழிக்கச் சொல்கிறான். அவனுக்கே தெரியாத திட்டத்தை அவள் எப்படிப் பார்ப்பாள்?

நீங்கள் குழம்பியது அநேகமாக நிக்கின் காதலி கிராவால். அவளுடைய காதலே பொய் நினைவு என்று வில்லன் கார்வர் சொல்வதை நம்பியிருப்பீர்கள்.

உறை எழுதும் காட்சியை மறுபடி பாருங்கள், அப்புறம் நேராகக் கடைசி விமானக் காட்சிக்குப் போங்கள். உறைக்குள் இருக்கும் போட்டோ கார்வரின் பொய்யை உடைத்துவிடும்.

ஆனால் எல்லா முடிச்சும் அவிழாது. நிக்குடன் சேரும் சிறுமி கேஸியின் அம்மா எவ்வளவு தூரம் முன்கூட்டியே பார்த்திருந்தார் என்பதைப் படம் அரைகுறையாகத்தான் சொல்கிறது, எனக்கு அது சோம்பேறித்தனமாகவே பட்டது.