சம்பந்தி வீட்டு பிஸ்கட் டப்பா

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்து ஹோம்ஸ்டெட் பூங்காவைப் பார்த்துவிட்டு நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் கரூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். மகள் லிங்கன் நகரத்தில் இருக்கிறாள். மருமகன் அந்த மாநிலத்துக்காரர், பியாட்ரிஸ் பக்கம் விவசாயக் குடும்பம். போன வாரம் சம்பந்தி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கையில் கொடுத்து, "நீங்கள் சரித்திர டீச்சர்தானே, பாருங்கள்" என்றார். உள்ளே நாலைந்து போட்டோ, பைபிளிலிருந்து கிழிந்த, பிறப்பு இறப்பு எழுதிய தாள் ஒன்று, ‘வடமேற்குக் கால், செக்‌ஷன் 14, டவுன்ஷிப் 3 வடக்கு, ரேஞ்ச் 5 கிழக்கு’ என்று எழுதிய ஒரு சீட்டு. மூன்று அண்ணன் தம்பிகள் கப்பலேறி வந்தார்கள், அதில் ஒருவருடைய வாரிசு ஒஹாயோவிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு மேற்கே வந்தார் என்பது அவர்கள் வீட்டுக் கதை. 1890 மக்கள்தொகைக் கணக்கில் தேடினேன், ஆளே இல்லை. பேத்திக்கு வம்சாவளி எழுதிக் கொடுக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

ஆர்.

அன்புள்ள டீச்சர்,

1890-ல் ஆள் இல்லாதது உங்கள் தேடலின் குறை இல்லை. அந்தக் கணக்கே இல்லை. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் அது இருந்த கட்டடத்தின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. எரிந்தது கொஞ்சம், அணைக்க அடித்த தண்ணீரில் ஊறிப்போனது அதைவிட அதிகம், மிஞ்சியதையும் 1930களில் அரசாங்கமே அழித்துவிட்டது. ஏதோ சில துண்டுகள்தான் தப்பின. உங்களுக்கு அதிர்ஷ்டம், நெப்ராஸ்காவில் 1885-ல் தனியாக ஒரு கணக்கு எடுத்திருக்கிறார்கள். அதையும் 1900-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1900 கணக்கில் பெண்களிடம் எத்தனை பிள்ளை பெற்றாய், எத்தனை உயிரோடு இருக்கிறது என்று கேட்டு இரண்டு எண் எழுதியிருப்பார்கள். 9, 5 என்று ஒரு வரியில் பார்த்தேன், அன்றைக்கு அதற்குமேல் படிக்க ஓடவில்லை.

சரி, எங்கே தொடங்குவது. போட்டோவை விடுங்கள், கப்பலையும் விடுங்கள், அந்தச் சீட்டில் தொடங்குங்கள். நம் ஊர்ப் பத்திரத்தில் நாலெல்லை சொல்வோமே, கிழக்கே இன்னார் நிலம், மேற்கே வாய்க்கால் என்று, அங்கே அது கிடையாது. பூமியின்மேல் கட்டம் போட்டு எண் கொடுத்துவிட்டார்கள், 1785-லேயே தொடங்கிய ஏற்பாடு. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதற்குள் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். சீட்டிலுள்ள ‘வடமேற்குக் கால்’ அதில் கால் பங்கு, 160 ஏக்கர். நெப்ராஸ்காவுக்குக் கணக்குத் தொடங்குவது கான்சஸ் எல்லைக்கோட்டில், அதனால் ‘3 வடக்கு’ என்றால் அங்கிருந்து வடக்கே மூன்றாவது கட்டம். ரேஞ்ச் என்பது அதே மாதிரி கிழக்கு மேற்காக எண்ணுவது. செக்‌ஷன் எண்கள் வடகிழக்கு மூலையில் ஆரம்பித்து மேற்கே போய், கீழே இறங்கிக் கிழக்கே திரும்பி, ஏர் திரும்புகிற மாதிரியே போகும். இதில் 16-ஐயும் 36-ஐயும் பள்ளிக்கூடத்துக்கென்று ஒதுக்கினார்கள், வாத்தியார் என்பதால் சொல்கிறேன்.

160 ஏக்கர் என்றதும் எல்லோரும் ஹோம்ஸ்டெட் சட்டத்துக்குப் போய்விடுவார்கள். ஜனாதிபதி லிங்கன் 1862 மே 20-ல் கையெழுத்துப் போட்டு, 1863 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் வைத்தால் 160 ஏக்கர் வரை அரசாங்க நிலம் உன்னுடையது, சின்னதாக ஒரு கட்டணம், அவ்வளவுதான். முதல் நாளே மனு போட்ட டேனியல் ஃப்ரீமன் என்பவரின் நிலம்தான் நான் எழுதிய அந்தப் பூங்கா, உங்கள் சம்பந்தி வீட்டிலிருந்து அதிக தூரம் இருக்காது. ஆனால் எல்லோருக்கும் இப்படித்தான் கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி அரசிடம் வாங்கியவர்கள் உண்டு, ரயில்வே கம்பெனியிடம் வாங்கியவர்களும் உண்டு. மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை இணையதளத்தில் உங்கள் சீட்டு எண்ணைப் போட்டால் முதல் பட்டா யார் பெயரில், எந்தச் சட்டத்தில் என்று இலவசமாகவே காட்டும். ரயில்வே நிலமாக இருந்தால் பட்டா கம்பெனி பெயரில் நிற்கும், அப்போது பியாட்ரிஸில் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) பத்திரப்பதிவு அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும், நம் சார்பதிவாளர் ஆபீஸ் மாதிரி.

ஹோம்ஸ்டெட் என்று வந்தால் பட்டாவோடு நிறுத்திவிடாதீர்கள், கோப்பைக் கேளுங்கள். பட்டா ஒரு பக்கம்தான், விஷயமெல்லாம் கோப்பில். ஐந்து வருஷம் கழித்து நிலத்தைத் தன் பெயருக்கு வாங்கும்போது இரண்டு சாட்சிகளோடு வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும். நான் பார்த்த ஒன்றில் வீடு 14-க்கு 16 அடி, புல்மண் கட்டியை அடுக்கிக் கட்டியது, ஒரு கதவு, இரண்டு ஜன்னல், கிணறு ஒன்று, உழுதது 35 ஏக்கர், மனைவி, நாலு பிள்ளைகள், நடுவில் ஒரு குளிர்காலம் வேலைக்காக வெளியூர் போயிருந்தேன் என்பது வரை இருந்தது. வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் குடியுரிமைக் காகிதத்தின் நகலும் உள்ளேயே கிடக்கும், எந்த தேசம் என்று அங்கேயே தெரிந்துவிடும். உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தவர் என்றால் 1872-க்குப் பிறகு படையில் இருந்த காலத்தை ஐந்து வருஷத்தில் கழித்துக்கொள்ளலாம், அப்படியானால் அவருக்கு ஓய்வூதியக் கோப்பும் தனியாக இருக்கக்கூடும். விதவை வாங்கிய ஓய்வூதியமாக இருந்தால் கல்யாணத்துக்கே ஆதாரம் கொடுத்திருப்பாள்.

சாட்சிகள் பெயரை மறக்காமல் எழுதி வையுங்கள். முன்பின் தெரியாத ஆளைச் சாட்சிக்கு யாரும் கூப்பிடுவதில்லை. அந்த இரண்டு பேரில் ஒருவர் மச்சானாக இருப்பார், இல்லை ஒஹாயோவில் அடுத்த பண்ணைக்காரராக இருப்பார். தனிக்குடும்பமாக மேற்கே வந்தவர்கள் குறைவு, ஊரில் பாதியைக் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள். நம் ஆள் கணக்கில் அகப்படாத வருஷங்களில் அந்த மச்சானைப் பிடித்தால் பக்கத்து வரியிலேயே இவர் உட்கார்ந்திருப்பார்.

பின்னோக்கிப் போகும் வழியைப் பிள்ளைகள் காட்டிவிடும். வீட்டிலுள்ள எல்லோர் பெயரையும், பிறந்த மாநிலத்தையும் எழுதியது 1850 முதல்தான், அதுவும் அடிமைகளைப் பெயரில்லாமல் விட்டுவிட்டு. அதற்கு முன்னால் குடும்பத் தலைவர் பெயர், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1870-லோ 1880-லோ இவர்கள் வீட்டைப் பிடித்து, பிள்ளைகள் வயதையும் பிறந்த இடத்தையும் வரிசையாக எழுதுங்கள். மூத்தவன் ஒஹாயோ 14, அடுத்தவள் இண்டியானா 11, மூன்றாவது அயோவா 6, கைக்குழந்தை நெப்ராஸ்கா என்று இருந்தால், வண்டி போன தடம் அதுதான். நடுவில் பெரிய இடைவெளி விழுந்தால் அங்கே ஒரு குழந்தை இறந்திருக்கலாம். அந்த மாநிலத்துக் கல்லறைக் குறிப்பில் தேடுங்கள்.

மூன்று அண்ணன் தம்பி கதையைப் பேத்திக்குக் கதையாகவே சொல்லுங்கள், வம்சாவளி மரத்தில் எழுதிவிடாதீர்கள். அமெரிக்காவில் பாதிக் குடும்பங்களில் அதே மூன்று பேர் அதே கப்பலில் வருகிறார்கள்! இணையத்தில் யாரோ போட்டு வைத்திருக்கும் மரத்தை அப்படியே ஒட்டுவதும் வேண்டாம். ஒரு நண்பருக்காக நானே அப்படி ஒட்டி, ஒரே கவுண்டியில் ஒரே பெயரில் இருந்த இரண்டு பேரைப் போட்டுக் குழப்பி, நாலு மாதம் அடுத்தவர் தாத்தாவுக்குத் திதி கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் 1880 விவசாயக் கணக்கைப் பார்த்துத்தான் பிரிக்க முடிந்தது. ஒருவரிடம் சொந்த நிலம், மாடு, வெண்ணெய் இத்தனை பவுண்டு என்று இருந்தது, மற்றவர் குத்தகைக்காரர்.

வரலாறு நடத்தியவரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பட்டாவுக்கு முன்னால் நிலம் சும்மா கிடக்கவில்லை. அந்தப் பகுதி ஓடோ-மிசூரியா என்ற பூர்வகுடி மக்களுடையது. 1854 ஒப்பந்தத்தில் அவர்களை அதே கவுண்டியின் தென்பக்கம் பிக் ப்ளூ ஆற்றங்கரையில் ஒரு துண்டுக்குள் ஒதுக்கினார்கள், 1881-ல் அங்கிருந்தும் கிளப்பி இப்போதைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பேத்திக்குப் போடும் மரத்தில் இதற்குக் கிளை இருக்காது, ஆனால் நிலத்தைப் பற்றி எழுதும் பக்கத்தில் இதுதான் முதல் வரியாக வர வேண்டும்.

அப்புறம் அந்த பைபிள் தாள். பிறப்பும் இறப்பும் வருஷா வருஷம் வேறு வேறு மையில், வேறு வேறு கையெழுத்தில் இருந்தால் நம்பலாம். எல்லாம் ஒரே மையில் ஒரே ஓட்டத்தில் இருந்தால், யாரோ ஒரு பாட்டி பிற்காலத்தில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதியது. அதைச் சரிபார்க்க பைபிள் அச்சான வருஷம் வேண்டும். அது 1880 என்று இருந்து, தாளில் 1840-ல் பிறந்தவர் முதல் வரியில் இருந்தால் விஷயம் புரிந்துவிடும். முகப்புத் தாள் சம்பந்தி வீட்டுப் பரணில் எங்காவது கிடக்கிறதா என்று கேளுங்கள்.