கேட்பது ஆம்ப், பதிவாவது கிட்டார்

கேள்வி: வீட்டில் ரீப்பர் மென்பொருளில் எலெக்ட்ரிக் கிட்டார் பதிவு செய்கிறேன். ஆம்ப் பிளக்-இன் (ஆம்பின் ஒலியைக் கணினியிலேயே தரும் துணை மென்பொருள்) போட்டு வாசித்தால் ஒவ்வொரு சுரமும் இரண்டு முறை கேட்கிறது. எஃபெக்டோடு சேர்த்தே பதிவு செய்துவிடலாமா? ஒரே சோலோவைப் பல டேக் (பல முறை தனித்தனிப் பதிவாக) வாசித்து, நல்ல பகுதிகளை ஒட்டினால் ஒட்டிய இடம் காதில் உறுத்துகிறது. என்ன வழி?

பதில்: இரட்டைச் சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம், ஆடியோ இன்டர்ஃபேஸில் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) இருக்கும் டைரக்ட் மானிட்டர் வசதி. அது கிட்டாரின் ஒலியைக் கணினி வழியாகச் சுற்றவிடாமல் நேராகவும் ஹெட்போனுக்கு அனுப்பிவிடுகிறது. ட்ராக்கில் மானிட்டரிங்கும் ஆன் ஆகியிருந்தால், ஆம்ப் பூசிய ஒலி சற்றுப் பின்னால் வந்து சேர்கிறது. டைரக்ட் மானிட்டரை அணைத்துவிடுங்கள்.

அதன் பிறகும் விரலுக்கும் காதுக்கும் இடைவெளி தெரிந்தால் பஃபரைக் குறையுங்கள். கணினி ஒலியை ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளாகச் சேர்த்து எடுக்கிறது என்ற அளவுதான் பஃபர். 48,000 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 48,000 சாம்பிள்) 1024 சாம்பிள் என்றால் உள்ளே வரவே 21 மில்லிவிநாடி. வெளியே போக இன்னொரு 21. 128 சாம்பிளில் அது ஒரு பக்கத்துக்கு 2.7 ஆகிவிடும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்கவே ஏறக்குறைய 3 மில்லிவிநாடி பிடிக்கும். ஆகவே போக வர 10 மில்லிவிநாடிக்குள் அடங்கினால், ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸ் நிறுவனமே தரும் ஏசியோ (ASIO) டிரைவரைப் போடுங்கள், தாமதத்தைக் குறைக்கவே இருப்பது அது. மாஸ்டர் ட்ராக்கில் லிமிட்டர், லீனியர்-ஃபேஸ் ஈக்யூ போன்றவை இருந்தால் பதிவு முடியும்வரை அணைத்து வையுங்கள். பஃபரை எவ்வளவு குறைத்தாலும் அவை சேர்க்கும் தாமதம் போகாது.

அடுத்தது, எஃபெக்டோடு பதிவு செய்வது. ட்ராக்கின் வழக்கமான எஃப்எக்ஸ் பட்டியலில் ஆம்பைப் போட்டால், கேட்பது ஆம்ப். கோப்பில் சேர்வது வெறும் கிட்டார். இன்புட் எஃப்எக்ஸ் பட்டியலில் போட்டால் டிஸ்டார்ஷனும் கோப்பிலேயே பதிந்துவிடும். பிறகு பிரிக்க முடியாது. நான் முதல் வழியின் பக்கம்தான். பின்னால் ஆம்பை மாற்றிக்கொள்ளலாம் என்பதைவிடப் பெரிய காரணம், உங்கள் ஒட்டு உறுத்துவதே எஃபெக்டும் சேர்ந்து பதிவாவதால்தான் என்று நினைக்கிறேன். டிலேயும் ரிவர்பும் கோப்பிலேயே பதிந்திருந்தால், வெட்டும் இடத்தில் அவற்றின் வாலும் அறுந்துபோகும். வெறும் கிட்டாரை வெட்டி ஒட்டினால் ஒட்டிய பிறகுதான் டிலே அதன் மேல் ஓடுகிறது. வால் அடுத்த துண்டின் மீதும் இயல்பாகப் படரும். ஆம்பின் ஃபீட்பேக்கை வைத்தே வாசிப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்கள் அதே இன்புட்டை இரண்டு ட்ராக்கில் எடுத்து, ஒன்றில் எஃபெக்டோடும் மற்றதில் வெறுமையாகவும் பதிவு செய்யலாம்.

டேக் எடுக்க, சோலோ தொடங்குவதற்கு ஒரு பார் முன்னாலிருந்தே பகுதியைத் தேர்ந்தெடுத்து, ரிப்பீட்டை ஆன் செய்து பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு சுற்றும் தனி டேக்காக விழும். கன்ட்ரோல்+எல் அழுத்தினால் எல்லாம் அடுக்காகத் தெரியும். 'எஸ்' விசையால் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் பிடித்த டேக்கைக் கிளிக் செய்யுங்கள். 2023-இல் வந்த ரீப்பர் 7-ஆம் பதிப்பில், ஒரே ட்ராக்குக்குள் டேக்குகளை வரிவரியாக வைக்கும் லேன் வசதி இருக்கிறது. வேண்டிய பகுதியை இழுத்தே தேர்ந்தெடுக்கலாம்.

வெட்டுமிடம் முக்கியம். பிக் கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன் வெட்டுங்கள். புதிய அடியின் ஓசையில் ஒட்டு மறைந்துவிடும். நீண்டு ஒலிக்கும் பெண்டின் (கம்பியை வளைத்துச் சுருதியை ஏற்றுவது) நடுவில் வெட்டினால், ஒன்றைத் தணித்து மற்றதை ஏற்றும் எந்த கிராஸ்ஃபேடாலும் காப்பாற்ற முடியாது, இரண்டு டேக்கிலும் சுருதி ஒரே இடத்தில் நிற்பதில்லை. நல்லதை அன்றே தேர்ந்தெடுங்கள். பத்துப் பன்னிரண்டு டேக்குக்குப் பிறகு விரல் சுத்தமாக ஓடும், சோலோவில்தான் உயிர் இருக்காது.

48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் மோனோவில் ஒரு நிமிடம் 8.6 மெகாபைட் பிடிக்கும். கழித்த டேக்குகளின் கோப்புகள் வட்டிலேயே கிடக்கும். மிக்ஸ் முடிந்த பிறகு ஃபைல் மெனுவில் உள்ள கிளீன் கரன்ட் பிராஜெக்ட் டைரக்டரி மூலம் நீக்கலாம். ஆனால் ஒரே ஃபோல்டரில் வேறு பாடலின் பிராஜெக்டும் இருந்தால் அதற்குரிய கோப்புகளும் வேண்டாதவை என்றே பட்டியலில் வரும். பாடலுக்கு ஒரு ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள்.