போடிமெட்டு ஏறி கொச்சிக் கடலில் இறங்க: கேள்வி பதில்

ஜனவரியில் எங்கள் மதுரை சைக்கிள் குழு போடியில் கிளம்பி, மூணாறில் இரவு தங்கி, மறுநாள் ஃபோர்ட் கொச்சி போய்ச் சேர்கிறது. ஏறக்குறைய 200 கி.மீ. இதே பாதையில் பல முறை குழுவைக் கூட்டிப் போயிருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, போடிமெட்டு ஏற என்ன கியர் வேண்டும்? (திண்டுக்கல்)

முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரியதில் 32 அல்லது 34. முந்தல் சோதனைச்சாவடி தாண்டியதும் ஏற்றம் பிடிக்கும். 17 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டர் அளவுக்கு உயரம். பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகத்திலேயே மிதியுங்கள். பேச்சு நின்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். மலையின் கிழக்கு முகம் அது. ஒன்பது மணிக்கு மேல் வெயில் முதுகைச் சுடும். அதனால்தான் விடிவதற்குள் போடியில் இருக்கச் சொல்கிறேன்.

இது பி.ஆர்.எம். கணக்கில் வருமா? (திருச்சி)

வராது. பி.ஆர்.எம். என்பது நேரக்கெடு வைத்து ஓட்டும் நெடுந்தூர சைக்கிள் பயணம். இங்கே பதக்கமும் இல்லை, நேரக்கெடுவும் இல்லை.

எனக்கு ஏற்றத்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. எப்படிப் பயிற்சி எடுப்பது? (விருதுநகர்)

தம்பி, ஏற்றத்தில் முடியவில்லை என்றால் இறங்கித் தள்ளலாம். யாருக்கும் ஒன்றும் ஆகாது. எனக்குப் பயம் இறக்கத்தில். மூணாறு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பள்ளிவாசல், அடிமாலி, நேரியமங்கலம் என்று ஒரே காலையில் இறங்குகிறோம். முதல் நாள் ஏறிக் களைத்த கை, காலையில் விறைத்த விரல், ஈரச் சாலை, எதிரே பஸ்.

என் மூன்றாவது பயணத்தில் அடிமாலி தாண்டி வாளரா அருவிக்கு அருகே டீ குடிக்க நின்றேன். சைக்கிளைச் சுவரில் சாய்த்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, டப்பென்று பின் டியூப் வெடித்தது. பிரேக் கட்டை உரசும் ரிம்மைத் தொட்டுவிட்டேன், விரல் நுனி கொப்பளித்துவிட்டது. டயரைக் கழற்றிப் பார்த்தால், ரிம்மின் ஸ்போக்ஸ் துளைகளை மூடும் ரிம் டேப் இளகி, துளைக்குள் குழிந்து இறங்கியிருந்தது. அரை கிலோமீட்டர் முன்னால், வளைவில் வெடித்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். வழி முழுக்க பிரேக்கை விடாமல் பிடித்தே வந்தது என் தவறு.

வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடியுங்கள், வளைவில் நுழையும்போது விடுங்கள், நேர்சாலையில் காற்றை நெஞ்சில் வாங்குங்கள். பத்து கிலோமீட்டருக்கு ஒரு முறை நின்று ரிம்மில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்றால் ஐந்து நிமிஷம் ஓய்வு. பிரேக் கட்டையில் கோடு தேய்ந்திருந்தால் மதுரையிலேயே மாற்றிவிடுங்கள்.

மேடம், நீங்கள் சொல்வது இயற்பியலுக்கு ஒத்துவரவில்லை. ஆளும் வண்டியும் 85 கிலோ என்றால் 1,500 மீட்டர் இறங்கும்போது 12.5 லட்சம் ஜூல் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். விட்டுப் பிடித்தாலும் விடாமல் பிடித்தாலும் சூடு ஒன்றுதானே? (கோவை)

மொத்த ஆற்றல் ஒன்றுதான் சார். எங்கே போகிறது என்பதில்தான் வித்தியாசம். ஆறு சதவீதச் சரிவில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனால், உங்களைத் தள்ளும் விசையில் மூன்றில் இரண்டு பங்கைக் காற்றே தடுத்து வாங்கிக்கொள்ளும். 20 கி.மீ. வேகத்தில் காற்று வாங்குவது ஆறில் ஒரு பங்குதான். மீதி முழுக்க ரிம்முக்கு.

அப்படியானால் 10 கி.மீ. வேகத்தில் வருகிறேன். பிரேக்குக்கு நொடிக்குச் சேரும் சூடு 120 வாட்தான் வருகிறது. உங்கள் 40-ல் 170 வாட். மெதுவாக வருவதுதானே பாதுகாப்பு? (மறுபடி கோவை)

நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆக மோசமானது நடுவில் இருக்கிறது: 25-லிருந்து 30 வரை. அங்கே 240 வாட் வரை ஏறுகிறது. பயந்த ஆள் பிரேக்கைப் பிடித்தபடி வருவதும் இதே வேகத்தில்தான். என் டியூப் வெடித்ததும் அப்படி வந்துதான். பயமிருப்பவர்கள் 10, 12-ல் வரட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் சார், மூணாறிலிருந்து நேரியமங்கலம் 60 கிலோமீட்டருக்குக் குறையாது. அந்த வேகத்தில் ஐந்தாறு மணி நேரம் பிரேக்கை இறுக்கிப் பிடிக்க உங்கள் விரல்கள் தாங்குமா? இந்த ஞாயிறு சிறுமலையில் இறங்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

டிஸ்க் பிரேக் போட்டுவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாமே? (மதுரை)

அது ரிம்மை விட்டுச் சக்கரத்தின் நடுவில் உள்ள தட்டைப் பிடிக்கிறது, அதனால் டியூபுக்கு ஆபத்து குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விடாமல் பிடித்தால் டிஸ்க் கட்டையும் கண்ணாடிபோல் வழுவழுப்பாகி, கீச்சென்று கத்திக்கொண்டு பிடிக்காமல் போகும். முறை இரண்டுக்கும் ஒன்றுதான். ரிம் பிரேக்கோடு கார்பன் ரிம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அனுமதி கிடையாது. இதில் யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போடிமெட்டுக்குப் பின்னால் 11-28 பல் கேசட் போதுமா? (தேனி)

முதல் பதிலைப் பாருங்கள்.

யானை வருமாமே, உண்மையா? (சிவகாசி)

உண்மை. பூப்பாறை தாண்டினால் ஆனையிறங்கல் அணை, பெயரே சொல்கிறதே. அரிசி தேடி ரேஷன் கடையை உடைத்த அரிக்கொம்பன் இந்தச் சின்னக்கானல் பக்கத்து யானைதான். 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது மே மாதம் கம்பம் ஊருக்குள்ளேயே வந்தது. ஜூனில் நம் வனத்துறை பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. அது போனாலும் மற்ற யானைகள் அங்கேயேதான் இருக்கின்றன. அது அவற்றின் வழி. நான்கு மணிக்குள் அந்தப் பகுதியைத் தாண்டிவிட வேண்டும், இருட்டில் யாரும் ஓட்டக் கூடாது. யானை சாலையில் நின்றால் தூரத்திலேயே நில்லுங்கள். மணி அடிக்காதீர்கள், லைட் அடிக்காதீர்கள், படம் எடுக்க முன்னே போகாதீர்கள். ஒரு பஸ்ஸோ ஜீப்போ வரும் வரை காத்திருந்து அதன் மறைவில் போகலாம்.

ஜனவரி குளிரும். ஜூலையில் வைத்தால் அருவியெல்லாம் நிறைந்திருக்குமே? (ஈரோடு)

வைக்க மாட்டேன். தென்மேற்குப் பருவமழையில் அந்த மலை இளகி நிற்கும். 2020 ஆகஸ்டில் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் ஒரே இரவில் 70 பேரை மண் கொண்டுபோனது. பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த நம் தமிழ்ச் சனம். தேவிகுளத்துக்கு முன்னால் வரும் கேப் ரோட்டிலும் சாலையை அகலப்படுத்தியபோது பல முறை சரிந்தது. அருவி பார்க்க ஆசையென்றால் பஸ்ஸில் போய் வாருங்கள். ஜனவரிக் குளிருக்கு முழுவிரல் கையுறையும், சட்டைக்குள் நெஞ்சில் வைக்க ஒரு செய்தித்தாளும் போதும்.

போடிக்கு சைக்கிளை எப்படிக் கொண்டுவருவது? (சென்னை)

2023 ஜூனில் போடிக்கு ரயில் திரும்பிவிட்டது. சென்ட்ரலில் ஏறினால் போடியில் இறங்கலாம். சைக்கிளை பார்சலில் போடுங்கள்.

அக்கா, என் கியர் 50/34, 11-30… (கரூர்)

கியர் பற்றி இது மூன்றாவது கேள்வி. பிரேக் கட்டையை எப்போது மாற்றினீர்கள் என்று ஒருவர்கூட எழுதவில்லை. அதை எழுதி அனுப்புங்கள், கியருக்குப் பதில் சொல்கிறேன்.

சிறுமலை போய்வந்தேன் மேடம். 12-ல் இறங்கினேன். பாதியிலேயே இடது கை மரத்துவிட்டது. என்னை எந்தக் குழுவில் போடுவீர்கள்? (கோவை)

கடைசிக் குழுவில், என்னோடு. நேரியமங்கலத்தில் 1935-ல் திறந்த பெரியாற்றுப் பாலத்தைத் தாண்டிவிட்டால் மலை முடிந்தது. அதுவரை எனக்குப் பின்னால் வாருங்கள். நான் நிற்கும் இடத்திலெல்லாம் நீங்களும் நின்று கையை உதறிக்கொள்ளுங்கள். பாலத்துக்கு அப்புறம் உங்கள் இஷ்டம், எத்தனை வேகமானாலும் போங்கள்.