தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டும் தண்டனை ஏன் ஒத்திவைக்கப்படவில்லை? (களுவாஞ்சிக்குடி)

வீடுடைப்புக்கு 18 மாதம், திருட்டுக்கு 18 மாதம், இரண்டும் 2 வருடத்துக்குள்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். ஒத்திவைப்பது என்றால், சிறைக்கு அனுப்பாமல் தண்டனையை நிறுத்திவைப்பது. தடை, இரண்டையும் கூட்டினால் வரும் 36 மாதத்தில்தான் இருக்க வேண்டும். இலங்கையின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 303ஆம் பிரிவு, ஒரே வழக்கில் பல குற்றச்சாட்டுகள் என்றால் தண்டனைகளைக் கூட்டிப் பார்க்கச் சொல்கிறது. மொத்தம் 2 வருடத்தைத் தாண்டினால் ஒத்திவைக்க முடியாது. குற்றத்தை ஒப்புக்கொண்டதையும் எந்தக் கட்டத்தில் ஒப்புக்கொண்டார் என்பதையும் நீதவான் கவனிப்பார். ஆனால் அது மட்டும் இந்தத் தடையை நீக்காது.

முதலில் தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதியை எடுங்கள். இரண்டு தண்டனையும் ஏககாலத்தில் என்று இருக்கிறதா, ஒன்றன்பின் ஒன்றாக என்றா? தம்பி உள்ளே இருக்கப்போவது 18 மாதமா 36 மாதமா என்பது அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அப்புறம், முன்குற்றம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒன்று கவனம். நிபந்தனையில்லாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்குச் சாதாரண மேன்முறையீட்டு வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். மட்டக்களப்பு மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனுதான் (நீதவானின் உத்தரவைத் திரும்பப் பார்க்கக் கேட்கும் மனு) மிச்சம். அதற்குத் தாமதம் பெரிய கேடு, இந்த வாரமே சட்டத்தரணியைப் பாருங்கள். வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். திருட்டுப்போன நகை அடகுவைக்கப்பட்டு, பிறகு மீட்டு உரியவரிடம் கொடுக்கப்பட்டிருந்தால் அந்த அடகுச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.