திமோர் போய் வந்தவருக்குக் காய்ச்சல் ஏன்?

கே: 1999இல் இந்தோனேசியாவை அடுத்துள்ள கிழக்குத் திமோருக்குப் போன ஆஸ்திரேலிய வீரர்கள் ஐ.நா.வின் நீலத் தொப்பி அணியவில்லையே, ஏன்?

ப: இன்டர்ஃபெட் என்ற அந்தப் பன்னாட்டு அமைதிப் படைக்கு ஐ.நா. அனுமதி தந்தது, ஆனால் நடத்தியது ஆஸ்திரேலியா. செப்டம்பர் 15இல் பாதுகாப்புக் கவுன்சிலின் 1264ஆம் தீர்மானம். 20ஆம் தேதி படை திமோரின் தலைநகர் டிலியில் இறங்கிவிட்டது. தளபதி மேஜர் ஜெனரல் பீட்டர் காஸ்குரோவ், துணைத் தளபதி தாய்லாந்துக்காரர். அவரவர் நாட்டுச் சீருடைதான். 2000 பிப்ரவரியில் பொறுப்பு ஐ.நா.வுக்கு மாறிய பிறகே நீலத் தொப்பி வந்தது.

கே: தினமும் மலேரியா மாத்திரை சாப்பிட்டும், ஊர் திரும்பிய பிறகு அவர்களில் பலருக்குக் காய்ச்சல் வந்ததாமே? மாத்திரை சரியில்லையா?

ப: மாத்திரையில் குறையில்லை. தினம் 100 மி.கி. டாக்ஸிசைக்ளின், ரத்தத்துக்கு வரும் கிருமியை அடக்கிவிடும். ஆனால் திமோரில் வைவாக்ஸ் வகை மலேரியாவும் உண்டு. அதன் கிருமி கல்லீரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்துக்கூட எழும். உறங்கும் கிருமியை டாக்ஸிசைக்ளின் தொடாது. அதற்குத்தான் திரும்பும்போது 14 நாள் பிரைமாகுயின் என்ற இன்னொரு மாத்திரை. முன்னதாக ஜி6பிடி நொதிக் குறைபாடு உண்டா என்று ரத்தத்தில் பார்த்தே ஆக வேண்டும். குறைபாடு உள்ளவருக்கு இந்த மருந்து சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

வீட்டுக்கு வந்துவிட்டோம், உடம்பும் நன்றாக இருக்கிறது என்று பிரைமாகுயினைப் பாதியில் நிறுத்தினால் காய்ச்சலுக்கு வழி திறந்தாயிற்று. முழுக்கச் சாப்பிட்டவருக்கும் வரலாம். அந்த வட்டார வைவாக்ஸ் பிடிவாதமானது. எடை கூடிய ஆளுக்கு எல்லோருக்கும் தரும் அதே அளவு போதாமல் போகும்.

டாக்ஸிசைக்ளினை ஒரு நாள் விட்டாலே காப்பு இறங்கும். பாலோடும் வயிற்றெரிச்சல் மருந்தோடும் சாப்பிட்டால் உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டுக்குப் பின் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோல் எளிதில் கருகும் என்பதால் நீளக்கைச் சட்டை அவசியம். அது கொசுவுக்கும் நல்லது.

1981இலேயே மலேரியா ஒழிந்ததாகச் சான்று பெற்ற நாடு ஆஸ்திரேலியா. ஆனாலும் அந்த வீரர்களில் பலரின் முகாமான டவுன்ஸ்வில் இருக்கும் வட பகுதியில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசு இன்றும் உண்டு. அங்கே ஒருவர் காய்ச்சல் பக்கத்து வீட்டுக்கும் பரவக்கூடும். ஆகவே காய்ச்சல் என்று மருத்துவரிடம் போனால் முதலில் போய் வந்த நாட்டைச் சொல்ல வேண்டும். ஒரு ரத்தப் பரிசோதனையில் கிருமி தெரியவில்லை என்றால் விட்டுவிடக் கூடாது. 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மூன்று முறையாவது பார்க்க வேண்டும்.