பேர் போய் பெட் நம்பர் மட்டும் நிற்கும்போது

மருத்துவமனைகளில் 26 வருடம் மனநல சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான், வீடு தண்டையார்பேட்டை. வேலைப் பளுவில் ஓர் ஆள் உள்ளுக்குள் எரிந்து தீர்ந்துபோவதை 'பர்ன்அவுட்' என்பார்கள். அதைப் பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

நர்ஸ், ராயபுரம்: அக்கா, போன வாரம் ஒரு அம்மாவை "பதினாலாம் பெட்" என்று கூப்பிட்டேன். "எனக்குப் பேர் இருக்கு கண்ணு" என்றார். நான் கல்நெஞ்சக்காரி ஆகிவிட்டேனா?

ஆகியிருந்தால் அந்த வார்த்தை ஒரு வாரமாக உறுத்தாதும்மா. கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் என்ற உளவியலாளர்கள் 1981இல் பர்ன்அவுட்டை அளக்க 22 கேள்விகளோடு ஓர் அளவுகோல் கொண்டுவந்தார்கள், உங்களைப் போல மனிதர்களைக் கவனிக்கும் வேலை செய்பவர்களுக்காகவே. அது மூன்றைப் பார்க்கும்: மனசு வற்றிப்போவது, எதிரில் இருப்பவர் ஆளாகத் தெரியாமல் கேஸாகத் தெரிவது, "நான் செய்து என்ன ஆகப்போகிறது" என்ற நினைப்பு. உங்களுடையது இரண்டாவது. வற்றின மனசு தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் தாழ்ப்பாள் அது. நானும் போட்டிருக்கிறேன். கணவரைப் பறிகொடுத்த ஒரு பெண்ணிடம், அவர் அழுது முடிக்குமுன் படிவத்தை நீட்டிக் கையெழுத்து கேட்டேன். பேனா பிடித்த என் கை இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒரு ஷிஃப்டில் இரண்டே பேரைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், போதும். வார்டு முழுக்க முயன்றால் மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள்.

அங்கன்வாடி ஊழியர், வியாசர்பாடி: இந்த பர்ன்அவுட் வியாதியா மேடம்? லீவு கிடைக்குமா?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை வேலையால் வரும் ஒரு நிலை என்றுதான் வகைப்படுத்தியது, வியாதி என்று அல்ல. ஆனால் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் தாண்டினால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். டாக்டரைப் பாருங்கள், லீவு பேச்சை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

ஆம்புலன்ஸ் ஊழியர், எண்ணூர்: விபத்து கேஸ் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் குழந்தை சிணுங்கினாலே எரிச்சல். குவார்ட்டர் போட்டால் சரியாகும் என்கிறார்கள்.

ஆகாது தம்பி. படுத்ததும் தூக்கம் வரும், நடுராத்திரியில் விழிப்பும் வரும். வண்டியைக் கழுவும்போது கூட இருந்தவரிடம் பேசத் தோன்றினால் பேசுங்கள். வீட்டுக்குள் நுழையுமுன் தெருமுனையில் ஒரு டீ, தனியாக. அதே காட்சி கனவில் திரும்பத் திரும்ப வந்தால் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மனநல ஆலோசகர், புளியந்தோப்பு: ஆளுக்கு 60 கேஸ். கேட்டால் நிர்வாகம் யோகா வகுப்பு வைக்கிறது.

போய் வாருங்கள், முதுகுக்கு நல்லது. திரும்பி வந்தாலும் மேஜையில் அதே 60தானே? பாயைச் சுருட்டும்போதே, 40 ஆக எப்போது குறைப்பீர்கள் என்று கேட்டுவிடுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், நாலு பேராகப் போங்கள்.